எண்பலகை

ஸான்டாமில் மழை.
காலை ஒன்பதுக்கு இன்றும் நான்தான் கதவைத் திறக்கிறேன்.
இருபத்தாறு வருடம் கோயில்பிள்ளை,
இப்போது சுவர் ஏற வருகிறவர்களுக்குக்
காலணி எடுத்துக் கொடுப்பவன்.
பழைய கொதிகலனின் குணம்
எனக்கு மட்டுமே தெரியும் என்று
சாவிக்கொத்தோடு என்னையும் வாங்கிக்கொண்டார்கள்.

தூண்களில் ஆரஞ்சும் ஊதாவுமாய்ப் பிடிமானங்கள்.
பிரசங்க பீடம் நின்ற இடத்தில் தடித்த மெத்தை.
ஞானஸ்நானத் தொட்டி என்ன ஆயிற்று என்று
நான் கேட்கவில்லை.
ஞாயிறு பத்து மணிக்கு
முன்னெப்போதும் இல்லாத கூட்டம்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் ஒருத்தி
மேல் சன்னலுக்குப் பக்கத்தில் உறைந்துபோனாள்.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
கீழே கயிறு பிடித்திருந்தவன் சொன்னான்:
கையை விடு, ஃபெம்கா. கயிற்றில் உட்கார்.
இதையே சொல்ல எங்கள் ஆயருக்கு
நாற்பது நிமிடம் ஆகும்,
நடுவில் இரண்டு பாட்டு வேறு.
அவள் விட்டாள்.
வெள்ளைத் தூள் அப்பிய கைகள் விரிந்தபடி
மெல்ல இறங்கி வந்தாள்.
நான் திரும்பிக்கொண்டு
காலணிகளுக்கு மருந்தடித்தேன்.

இப்போது அந்த இரவு.
சபைக் கூட்டம், ஆறிப்போன காப்பி,
எரிவாயு பில் கையிலிருந்து கைக்குப் போகிறது.
வாங்க வந்தவர்கள் இரண்டு பேர்.
ஒன்று ஏறுதளக் கம்பெனி.
இன்னொன்று கானா சபையார்:
மருத்துவமனையில் தரை துடைப்பவர்கள்,
விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர்கள்,
ஆறு வருடம் சேர்த்த பணத்தைப்
பைசா சுத்தமாய் எழுதிய ஒரு கடிதம்.
கீழே கையெழுத்து: போவாட்டெமா.
நாற்பதாயிரம் யூரோ குறைவு.

மனசு வேறு, கணக்கு வேறு என்றார் மூப்பர் வீப்ராண்ட்.
அவர்கள் சத்தமாக ஜெபிப்பார்கள் என்றது ஒரு குரல்.
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.
எழுதியவன் நான்.
பிறகு கை தூக்கச் சொன்னார்கள்.
பதினெட்டுக்குப் பதினொன்று.
பதினெட்டில் ஒரு கை என்னுடையது,
சம்பளம் தொடரும் என்று
முந்தின நாளே கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.
கோபுர உச்சியில் எங்கள் சேவல்.
கூவவில்லை. தகரம்தானே,
காற்று வீசும் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

கொதிகலன் அறையில் எண்பலகை கிடந்தது,
கடைசி ஆராதனையின் பாட்டு எண்களோடு.
எதையாவது கொடுத்தாக வேண்டும் போலிருந்தது.
நீலப் பிளாஸ்டிக் பையில் சுற்றி,
இலக்கங்கள் இருந்த தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு
பேருந்து ஏறினேன்.

டயர் கடையின் மாடி.
படியெல்லாம் ரப்பர் வாசனை,
அதற்கு மேல் வெங்காயம் வதங்கும் வாசனை.
உள்ளே டிரம், மூன்று பாடகிகள், பெரிய திரை.
பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன.
பாட்டுப்புத்தகம் ஒன்றுகூட இல்லை.
பாட்டுப்புத்தகம் இல்லாத சபைக்கு
எண்பலகை கொண்டுவந்த முட்டாள்,
கதவோரம் மழை சொட்ட நின்றேன்.

போவாட்டெமா என்னை அடையாளம் கண்டாள்.
நீங்கள்தானே அன்று எழுதிக்கொண்டிருந்தவர்?
ஆம் என்றேன்.
கை தூக்கியவனும் நான்தான் என்றேன்.
டிரம் நிற்கவில்லை, அவளுக்குக் கேட்டதா தெரியாது.
கேட்டிருக்கும்.
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
மரம் நல்லது என்றாள்.

சமையல் மேசைக்கு மேலே ஆணி இருந்தது.
மாட்டினாள்.
பழைய இலக்கங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி
டப்பாவில் போட்டாள்.
தட்டு எத்தனை என்று உள்ளிருந்து யாரோ கேட்க,
ஆறு என்ற இலக்கத்தை முதலில் மாட்டினாள்.
தலைகளை எண்ணினாள். என்னிடம் வந்து நின்றாள்.
அடுத்த இடத்தைக் காலியாகவே விட்டாள்.

மழையில் பஸ் தாமதம்,
இன்னும் ஆட்கள் வருவார்கள் என்றாள்.